துறைமுகக் கூலி – 11: இருபத்தைந்து நாள் கணக்கு

திருகோணமலைப் பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு வீட்டின் குசினிச் சுவரில் நகைக்கடை நாட்காட்டி ஒன்று தொங்கும். அந்த வீட்டு ஐயா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். கொந்தராத்துக்காரர் ஒருவரின் ஆள். விடியுமுன் படலையைத் திறந்துகொண்டு போவார். வேலை கிடைத்த நாளில் அவருடைய மனைவி அந்தத் தேதியைச் சுற்றி நீலப் பேனையால் ஒரு வட்டம் போடுவார். போய்ச் சும்மா திரும்பி வந்த நாளுக்கு ஒரு கோடு. மாதம் முடிய வட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். ஒரு மாதம் 11, இன்னொரு மாதம் 17. மார்கழி மழையில் ஒருமுறை 7 வட்டம்தான் இருந்தது.

அதே ஆணியில் சந்திக் கடையின் கடன் கொப்பியும் தொங்கும். பத்து வயதில் எனக்கு அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாது. "ஐயா, இண்டைக்கு வேலை இல்லையோ?" என்று கேட்டால், "கப்பல் நிக்குது தம்பி, மழை விடேல்லை" என்பார். கப்பல் நிற்கும்போது வேலை ஏன் இல்லை என்பது விளங்காமல் நான் கொட்டியாரக்குடாப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பிரித்தானியக் கடற்படையின் டொக்யாட்டுக்குள் வேலைக்கு வந்து சேர்ந்த கூட்டத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். இந்த இதழில் அவர்களுடைய கூலிக்குச் சட்டம் வந்த கதை. சட்டங்களின் இலக்கங்களையும் ஆண்டுகளையும் தேடித் தேடிப் படித்தபோது, எனக்கு அந்த நாட்காட்டிதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அதற்கான காரணத்தை முடிவில் வரும் ஒரு வகுத்தல் கணக்கில் சொல்கிறேன்.

இலங்கையில் கூலிக்குத் தரை போட்ட முதற்சட்டம் 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் பெயரிலேயே எல்லை தெரியும்: இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம். தோட்டங்களுக்கு ஆள் அனுப்ப வேண்டுமானால் கூலிக்கு உத்தரவாதம் வேண்டும் என்று இந்திய அரசாங்கம் விடாப்பிடியாக நின்றதன் விளைவு அது. 1929இல் வீதங்கள் நடைமுறைக்கு வந்தன. உயர் மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. இடைநிலத்தில் 52, 41, 31. தாழ்நிலத்தில் 50, 40, 30. பிள்ளைக்கும் ஒரு வீதம் எழுதி வைத்த சட்டம் அது என்பதை வாசித்துவிட்டு அப்படியே கடந்துபோக என்னால் முடியவில்லை.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. சட்டம் ஒரு முழுப் பேருக்கு விலை போட்டது. மாதத்தில் எத்தனை பேர் விழும் என்பதைத் துரையும் கணக்கப்பிள்ளையும் பார்த்துக்கொண்டார்கள். மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் உலக மந்தத்தில் தேயிலை விலை சரிந்தது. சட்டம் போட்ட அந்தத் தரையையே அதிகாரிகள் கீழே இறக்கினார்கள். விலை ஏறினால் இலாபம் இலண்டனுக்குப் போகும், விலை இறங்கினால் நட்டம் லயத்துக்கு வரும் என்ற ஏற்பாட்டில் சட்டம் கைவைக்கவே இல்லை.

அதே 1927இல்தான் திருகோணமலைக்கு ரயில் வந்தது. சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன் அளவு கொள்ளக்கூடிய 101 இரும்புக் குதங்கள், காட்டுக்குள், வரிசை வரிசையாக. அங்கே மண் வெட்டியவருக்கும் இரும்பு சுமந்தவருக்கும் 27ஆம் இலக்கச் சட்டத்தில் இடமில்லை. அவர்கள் தோட்டத்தில் இல்லையே! ஒரே இந்தியக் கிராமத்தில் இருந்து புறப்பட்ட இரண்டு சகோதரர்களில் ஒருவர் ஹட்டனில் இறங்கினால் கூலிச் சட்டம் உண்டு, மற்றவர் சீனக்குடாவில் இறங்கினால் இல்லை.

துறைமுகத்துக்கு முதலில் வந்தது கூலிச் சட்டம் அல்ல, விபத்துச் சட்டம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் பட்டால், யார் பிழை என்று பார்க்காமல் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. வேலையைக் கொந்தராத்துக்காரர் ஊடாகச் செய்வித்தாலும், தன் தொழிலுக்காகச் செய்வித்த பெரிய முதலாளி பொறுப்பில் இருந்து நழுவ முடியாது. முதலில் அவரே கொடுத்துவிட்டு, பிறகு கொந்தராத்துக்காரரிடம் அறவிட்டுக்கொள்ளலாம். கை முறிந்தவன் படி ஏறி இறங்கி அலையத் தேவையில்லை.

துறைமுகத்தில் இது சின்ன விஷயமில்லை. சங்கிலி அறுந்து விழும் பொதி, மழையில் வழுக்கும் கப்பல் தளம், திறந்து கிடக்கும் பண்டக வாய் எல்லாம் அங்கே அன்றாடம். பிரித்தானியக் கடற்படையின் பெரிய மிதவைத் தளமே 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி, 'வேலியன்ட்' என்ற போர்க்கப்பலைத் தாங்கிக்கொண்டிருந்தபோது திருகோணமலையில் உடைந்து அமிழ்ந்தது. அவ்வளவு பெரிய இரும்பே தாங்காத இடத்தில் மனித எலும்புக்கு என்ன உத்தரவாதம்?

ஆனாலும் அந்த நட்டஈடு மாதச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. மாதத்தில் 11 வட்டம் விழுந்தவரின் கைக்கு ஒரு விலை, 25 வட்டம் விழுந்தவரின் கைக்கு வேறு விலை. கை ஒன்றுதான்.

கூலிச் சட்டம் தோட்டத்தைத் தாண்டி வந்தது 1941இல். அதுவும் 27ஆம் இலக்கம்தான்: சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக ஜி. சீ. எஸ். கொரியா இருந்த காலம். மூலயோசனை இங்கிலாந்தில் 1909இல் வந்த தொழிற்சபைச் சட்டத்தினுடையது. நாடு முழுவதற்கும் ஒரே கூலி என்று வைக்காமல், ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி மேசை. மேசையின் ஒரு பக்கம் முதலாளிமாரின் பிரதிநிதிகள், மறு பக்கம் அதே எண்ணிக்கையில் தொழிலாளர் பிரதிநிதிகள், நடுவில் அரசு நியமித்த சிலர், தலைமைக் கதிரையில் தொழில் ஆணையாளர். பேசி முடிவெடுத்து வர்த்தமானியில் போட்டால் அது சட்டம். தேயிலை, றப்பர், அச்சகம், பொறியியல் என்று சபைகள் வரிசையாக எழுந்தன. துறைமுகத்துக்கும் துறைமுகப் போக்குவரத்துக்கும் ஒரு சபை வந்தது. வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் ஏறினால் கூலியோடு விசேட அலவன்சும் ஏறும் என்ற வழக்கமும் அப்போது நிலைத்தது.

மூட்டை தூக்கியவனும் கப்பல் முகவரும் ஒரே மேசையில் சமமான எண்ணிக்கையில் இருக்கலாம் என்று எழுதியது அந்த நாளில் பெரிய காரியம். கொழும்புத் துறைமுகத் தொழிலாளர் 1920இலும், ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் 1927இலும் வேலைநிறுத்தம் செய்து பட்டினி கிடந்திராவிட்டால் அந்த மேசை வந்திராது.

அதற்குள் யுத்தம். சிங்கப்பூர் விழுந்தபின் பிரித்தானியக் கீழைக் கடற்படைக்குத் திருகோணமலை தேவைப்பட்டது. 1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் வந்தன. சீனக்குடாவில் ஒரு குதம் எரிந்து நாசமானது. ஆனால் குண்டு விழுந்த ஊரில்தான் வேலையும் இருந்தது. யுத்த ஆண்டுகளில் இங்கே ஆட்களுக்குத்தான் தட்டுப்பாடு, நாட்களுக்கு இல்லை. மலையாளத்தில் இருந்தும், தமிழ்நாட்டில் இருந்தும், தென்னிலங்கையில் இருந்தும் வந்தவர்கள் டொக்யாட்டுக்குள் நிரம்பினார்கள். நாட்காட்டி முழுக்க வட்டம் விழுந்த காலம் இந்த ஊரில் அது ஒன்றுதான்.

இங்கே கொஞ்சம் விலகி 1889ஆம் ஆண்டு இலண்டனுக்குப் போய் வருவோம். அங்கே துறைமுகத் தொழிலாளர் செய்த பெரும் வேலைநிறுத்தத்தை எல்லோரும் 'மணிக்கு ஆறு பென்ஸ்' கோரிக்கைக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். இன்னொரு கோரிக்கையும் அதில் இருந்தது: ஒருவனை வேலைக்கு எடுத்தால் குறைந்தது நான்கு மணி நேரத்துக்காவது எடுக்க வேண்டும். விடியற்காலையில் வாசலில் கூட்டத்தை நிறுத்தி, ஆள் தெரிந்து, ஒரு மணி நேரம் வேலை வாங்கி அனுப்பிவிடுவது அன்றைய வழக்கம். மணிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் ஏமாந்துபோவோம் என்பது வேலைநிறுத்தத் தலைவர்களான பென் டில்லெட்டுக்கும் ஜோன் பேர்ன்ஸுக்கும் பின்னால் நின்ற அந்தப் பசித்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. விலையும் வேண்டும், நேரமும் வேண்டும். நமது 1941ஆம் ஆண்டு மேசையில் விலை வந்து உட்கார்ந்தது. நேரத்துக்குக் கதிரை கிடைக்கவில்லை.

கப்பலுக்கு அந்தக் கதிரை எப்போதும் உண்டு. கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தத்தில், சரக்கை ஏற்றி இறக்க இத்தனை நாள் என்று முதலிலேயே எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒரு நாள் நின்றாலும், நின்ற நாளுக்குக் கப்பல்காரருக்குப் பணம். டெமரேஜ் என்று துறைமுகத்தில் எல்லாரும் சொல்வார்கள். இன்னும் நுணுக்கம் உண்டு. மழை பெய்து வேலை நடக்காத நாளை அந்தக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதையும் எழுதியிருப்பார்கள். சீனி, மா, சீமெந்து, பசளை இவற்றை மழையில் இறக்க முடியாது. துளி விழுந்தவுடன் பண்டக வாயை மூடிவிடுவார்கள். அந்த மழைக்கு யார் பொறுப்பு, கப்பல்காரரா சரக்குக்காரரா என்று சட்டத்தரணிகள் வரி வரியாகப் பிரித்து வைத்திருப்பார்கள்.

மூடிய பண்டக வாய்க்குப் பக்கத்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தவருக்கு அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. அவருக்கு அன்று வட்டம் இல்லை, கோடு. பத்து வயதில் எனக்கு விளங்காமல் போனது இதுதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கொந்தராத்துக்காரரைக் கொடியவராக நிறுத்தினால் அது நேர்மையாகாது. அவருடைய கணக்கையும் பார்க்க வேண்டும். இன்றைய சட்ட வீதத்திலேயே பார்ப்போம். நாட்கூலி 1,200 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். ஆக ஓர் ஆளுக்கு 1,380 ரூபா. 30 பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நாளுக்கு 41,400. வாடைக் காற்றில் கப்பல் மூன்று நாள் பிந்தினால், அந்த மூன்று நாளும் ஆட்களை வைத்திருக்க 124,200 ரூபா. அவர் விலை கோரிய கடிதத்தில் தொன்னுக்கு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார். கப்பல் பிந்தினாலும், சட்டம் இடையில் கூலியைக் கூட்டினாலும் அந்த விலை மாறாது. சேமலாப நிதி கட்டப் பிந்தினால் பிந்திய நாளைப் பொறுத்து 5 வீதத்தில் இருந்து 50 வீதம் வரை மேலதிகம் கட்ட வேண்டும். சரக்குக்காரர் காசு தர இரண்டு மாதம் எடுப்பார். வங்கி காத்திராது. மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்துக் கூலி கொடுத்த சின்னக் கொந்தராத்துக்காரரை எனக்கும் தெரியும்.

நட்டம் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. கப்பல்காரர் தாளில் எழுதித் தப்பிவிடுகிறார். சரக்குக்காரர் விலையில் சேர்த்துத் தப்பிவிடுகிறார். முகவர் கொந்தராத்துக்காரரைக் கைகாட்டுகிறார். கொந்தராத்துக்காரருக்குத் தப்ப ஒரே வழி, கப்பல் இல்லாத நாளில் ஆள் எடுக்காமல் விடுவது. அவருக்குக் கீழே இருப்பவருக்குத் தள்ளிவிட ஆளில்லை, அடுப்புத்தான் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இந்தப் படிக்கட்டின் கடைசி இரண்டு படிகளுக்கு இடையில் வைத்த சட்டம். மேலே இருக்கும் படிகளை அது தொடவில்லை.

தொட்ட காலம் ஒன்று இருந்தது.

1957 ஒக்டோபர் 15ஆம் திகதி திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படையின் கொடி இறங்கியது. பண்டாரநாயக்க அரசாங்கத்துக்கு அது பெருமைக்குரிய நாள். நாட்டுக்கும்தான். ஆனால் டொக்யாட் சம்பளத்தை நம்பியிருந்த வீடுகளில் அன்று உலை எப்படிக் கொதித்திருக்கும் என்பதைப் பெருமையின் கதையில் யாரும் எழுதவில்லை. மலையாளத்தில் இருந்து வந்தவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். நின்றவர்கள் கடலுக்கும் கடைக்கும் கூலிக்கும் போனார்கள். வேலைகொடுத்தவர் ஒரு பேரரசாக இருந்தாலும் அவர் எழும்பிப் போகும் நாள் வரும். அப்படி வந்த நாளில் எந்தக் கூலிச் சபையாலும் எதுவும் செய்ய முடியவில்லை.

அடுத்த ஆண்டு, 1958 ஆகஸ்ட் 1ஆம் திகதி, துறைமுகச் சரக்கு வேலை தனியார் கம்பனிகளிடமிருந்து அரசின் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனத்துக்கு மாறத் தொடங்கியது. கொழும்பு, காலி, திருகோணமலை மூன்றும் அதன் வட்டத்துக்குள் வந்தன. அதே ஆண்டில்தான் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் வந்தது. உலகமும் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் 1947இல், பதிவுசெய்த துறைமுகத் தொழிலாளி வேலைக்கு வந்து நின்றாலே, கப்பல் இல்லாவிட்டாலும் ஒரு தொகை கொடுக்கும் திட்டம் தொடங்கியது. இந்தியா 1948இல் துறைமுகத் தொழிலாளருக்குத் தனிச் சட்டம் இயற்றி, பின்னர் பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் வாரியங்களை அமைத்தது. நாம் வாரியம் அமைக்காமல் தொழிலையே அரசுடைமையாக்கினோம். வழி வேறு, நோக்கம் ஒன்று: கப்பல் வராத நாளின் நட்டத்தை அடுப்படியில் இருந்து எடுத்து மேலே வைப்பது.

அதற்கு விலை கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. கூட்டுத்தாபனத்துக்குள் அரசியல்வாதிகளின் சிபாரிசுக் கடிதங்களோடு ஆட்கள் வந்தார்கள். கப்பல் குறைந்தாலும் சம்பளப் பட்டியல் குறையவில்லை. 1979இல் துறைமுக ஆணைக்குழு, சரக்குக் கூட்டுத்தாபனம் எல்லாவற்றையும் சேர்த்துத் துறைமுக அதிகாரசபை அமைந்தபோது இந்தச் சுமையும் கூடவே போனது. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்: நிரந்தரச் சம்பளம் வந்த வீட்டில் பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். நாட்காட்டியில் வட்டம் போட்ட வீட்டின் மூத்த மகன் பதினான்கு வயதில் கடைக்கு வேலைக்குப் போனான்.

1971இல் இன்னொரு சட்டம், 45ஆம் இலக்கம். 15 பேரையோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளி, பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக, அவருடைய எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது. நாட்களை எண்ணிய சட்டம் இது. ஆனால் அது எண்ணியது, வேலையில் இருப்பவரை நிறுத்துவதற்கு எதிராக. 180ஐத் தொடவிடாமல் இடையில் ஆளை மாற்றினால்? பெயரை ஒரு கம்பனியில் இருந்து இன்னொரு கம்பனிக்கு மாற்றி எழுதினால்? மேன்பவர் கம்பனிகள் என்று பின்னாளில் வந்தவை இந்த இடைவெளிக்குள்தான் வளர்ந்தன. ஆலைக்குள் வேலை, ஆலையின் தொப்பி, ஆலையின் நுழைவு அட்டை. சம்பளத் துண்டில் மட்டும் வேறொருவரின் பெயர்.

1980இல் பிரிமா மா ஆலை சீனக்குடாவில் இயங்கத் தொடங்கியது. அந்தத் தசாப்தத்திலேயே டோக்கியோ சீமெந்தும் வந்தது. கோதுமையைக் குழாய் உறிஞ்சி எடுத்தது, கிளிங்கரை இயந்திரக் கை அள்ளியது. மூட்டைக்காரருக்கு நாள் குறைந்தது. பிறகு உள்நாட்டு யுத்த ஆண்டுகள். ஊரடங்கு என்றால் இரவு வேலை இல்லை. மூதூருக்குப் படகு ஓடாவிட்டால் அங்கிருந்து வருபவருக்கு அந்த நாளே இல்லை. எந்தச் சம்பளச் சபையின் வர்த்தமானியிலும் இந்த நாட்கள் வராது.

இனி அந்த வகுத்தல் கணக்கு.

2016இல் 3ஆம் இலக்கச் சட்டமாகத் தேசிய குறைந்தபட்ச வேதனம் வந்தது. சம்பளச் சபை இல்லாத தொழில்களுக்கும் சேர்த்து நாடு முழுவதற்கும் ஒரே தரை. மாதத்துக்கு 10,000 ரூபா, நாளுக்கு 400. 2021இல் 12,500, நாளுக்கு 500. அடுத்த ஆண்டு நாடு வங்குரோத்தானது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தைத் தொட்டது. அரிசி, மண்ணெண்ணெய், பஸ் கட்டணம் எல்லாம் மடங்கு மடங்காக ஏறிய அந்தக் காலம் முழுவதும் 12,500 அப்படியே நின்றது. 2024 செப்டெம்பரில்தான் 17,500 ஆனது, நாளுக்கு 700. பாதீட்டு நிவாரணப்படி 3,500ஐயும் உள்ளே சேர்த்து 2025 ஏப்ரலில் 27,000 ஆக்கினார்கள், நாளுக்கு 1,080. 2026 ஜனவரி முதல் 30,000, நாளுக்கு 1,200.

மாதத் தொகையை நாள் தொகையால் வகுத்துப் பாருங்கள். 10,000ஐ 400ஆல் வகுத்தால் 25. 12,500ஐ 500ஆல் வகுத்தாலும் 25. 17,500, 27,000, 30,000 எதை எடுத்தாலும் விடை 25தான். நான்கு முறை தொகை மாறியது, விடை ஒரு முறையும் மாறவில்லை. நாட்கூலிக்காரருக்கு மாதம் 25 நாள் வேலை கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதிய சட்டம் இது. அந்த 25ஐக் கொடுக்க வேண்டும் என்று அதில் யாருக்கும் கட்டளை இல்லை. 11 வட்டம் விழுந்த மாதத்தில் அந்த ஐயாவுக்கு இன்றைய சட்டப்படி 13,200 ரூபா வரும். தன் பங்குச் சேமலாபம் 8 வீதம் போக 12,144. கொந்தராத்துக்காரர் ஒரு சதமும் களவெடுக்கவில்லை, தொழில் திணைக்கள அதிகாரி வந்து பதிவேட்டைப் பார்த்தாலும் பிழை காணமாட்டார். சட்டம் முழுமையாக நிறைவேறியிருக்கிறது, வீட்டில் அரிசி இல்லை.

கூலியைக் கூட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1,200 ரூபா இந்த விலைவாசிக்குப் போதவே போதாது. ஆனால் அடுத்த முறை அந்த மேசையைச் சுற்றி உட்கார்பவர்கள் தொகையோடு நாளையும் பேச வேண்டும். வாசலுக்கு வரச் சொல்லி அழைத்த ஆளுக்கு, கப்பல் பிந்தினாலும் மழை பெய்தாலும் அரைநாள் கூலியாவது உறுதி. அதைச் சின்னக் கொந்தராத்துக்காரரின் தலையில் கட்டிவிடாமல், 1934ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டம் காட்டிய வழியில், சரக்குக்குச் சொந்தக்காரர் வரை கொண்டுபோகும் பொறுப்பு. டெமரேஜ் கட்டப் பணம் இருக்கிறவர்களிடம் கேட்பது அநியாயமில்லை. முறிந்த கைக்குப் போட முடிந்த சங்கிலியைப் பசித்த வயிற்றுக்கும் போடலாம்.

போன மாதம் உட்துறைமுக வீதியில் ஒரு தேநீர்க் கடையில் இருந்தேன். பக்கத்து மேசையில் கிண்ணியாப் பெடியன்கள் நான்கு பேர், வேலைத் தொப்பியை மேசையில் வைத்துவிட்டு ப்ளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வாசலில் போய் நிற்கத் தேவையில்லை. முதல் நாள் இரவு கைத்தொலைபேசிக்குச் செய்தி வரும். வேலை உண்டு அல்லது இல்லை. அன்று காலை செய்தி மாறியிருந்தது. மழை. ஒருவன் பேசியபடியே தொலைபேசியை எடுத்து, அதில் இருந்த நாட்காட்டியைத் திறந்தான். விரலால் தள்ளித் தள்ளி எதையோ எண்ணினான்.

"எத்தினை மச்சான்?" என்று கேட்டான் மற்றவன்.

"ஒம்பது."

(தொடரும்)

அடுத்த இதழில்: கிண்ணியா, மூதூர்க் கரைகளில் இருந்து துறைமுகத்துக்கு வந்தவர்களும் அவர்களை ஏற்றி வந்த படகுகளும்.